ஒரு பேட்டரி தீரும் தூரம்

ஏப்ரல் 20, சனி

பதினோரு முறை இழுத்தேன். எண்ணிக்கொண்டே இழுத்தேன், எண்ணாவிட்டால் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. என் கணவன் டுவேனின் ட்ரிம்மர் பதினோரு முறையும் இருமிவிட்டு அடங்கிப்போனது. புல்வெட்டும் வண்டி நுழையாத இடங்களுக்கு, படியோரம், மரத்தடி, தபால் பெட்டியின் காலடி, இதுதான் வேண்டும். நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். ஆனால் முதலில் கயிற்றை வெடுக்கென்று இழுத்து இன்ஜினை எழுப்பியாக வேண்டும். அயோவாவின் சரளைச் சாலைகளில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, அந்தக் கதவுக் கம்பியை ஒரு நாளைக்கு நூறு தடவை இழுத்துத் தள்ளி, என் வலது தோள் தேய்ந்துவிட்டது. எழுப்புவது டுவேனின் வேலையாக இருந்தது. அக்டோபரில் இறந்துபோய்விட்டான். அவன் இல்லாமல் வளர்ந்திருக்கும் முதல் புல் இது.

பன்னிரண்டாவது இழுப்புக்குக் கை வைக்கும்போது பக்கத்து வீட்டு எல்டன் வந்து நின்றார்.

"மெஷின ஸ்டார்ட் பண்றியா, இல்ல கோழி கழுத்த திருகுறியா? என் சமையக்கட்டு வரைக்கும் கேக்குது."

டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார். "போன வருசத்து பெட்ரோலு. குளிர்காலம் பூரா உள்ளயே விட்டிருக்க. இது பெட்ரோல் இல்ல மார்லிஸ், வார்னிஷ்."

கொட்டினார், துடைத்தார், புது பெட்ரோலில் அளந்து ஆயில் கலந்தார். "ஆயில் இல்லாம வெறும் பெட்ரோல ஊத்திராத. பத்தே நிமிசத்துல இன்ஜின் செத்துரும்." இரண்டே இழுப்பில் எழுந்துகொண்டது. நான் வெட்டி முடிக்கும்வரை கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் காபி. இரண்டு கோப்பை குடித்தார். அவர் மனைவி ஆர்டிஸ் இறந்து ஆறு வருடம். அதற்குப் பிறகு எங்கள் சமையலறை நாற்காலியில் அவர் உட்கார்ந்தது இன்றுதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

தேவாலய வாசலில் யாரிடமோ "நல்ல வெயில்" என்றேன். இன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

ஏப்ரல் 24, புதன்

எல்டன் தன் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து புல் வெட்டினார். வழக்கம்போல எல்லையைத் தாண்டி என் பக்கம் இரண்டு வரிசை சேர்த்து வெட்டிவிட்டுத் திரும்பினார். இந்தத் தெருவில் இரண்டு வரிசை என்றால் நல்ல அண்டை வீட்டார். எல்லையோடு நிறுத்தினால் கோபம். மூன்று வரிசை வெட்டினால், உன் புல் லட்சணம் சரியில்லை என்று குத்திக்காட்டுவது. முப்பது வருடமாக அவரும் டுவேனும் இரண்டு வரிசைக்காரர்கள்.

ஆனால் அவர் வீட்டு ஓரங்களை இந்த வருடம் வெட்டவேயில்லை. பின்வாசல் படியோரம் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. சோம்பேறி ஆகிவிட்டாரோ?

ஏப்ரல் 27, சனி

நான் கூப்பிடவில்லை. இரண்டு முறை இழுத்ததும் தானாக வந்துவிட்டார், கையில் தன் கோப்பையோடு.

ஒன்பதரைக்கு வந்தவர் பதினொன்றேகாலுக்குப் போனார். தானியக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்த காலத்துக் கதைகள். பாதியை டுவேன் மூலமாக ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். கேட்காத மாதிரி இருந்தேன்.

மே 2, வியாழன்

ஜோலீன் டென்வரிலிருந்து பேசினாள். தோள்வலி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள்.

"பேட்டரில ஓடுறது வாங்கும்மா. ஒரு பட்டன அழுத்துனா போதும். எதுக்கும்மா அந்தப் பழைய பூதத்தக் கட்டிக்கிட்டு அழற?"

"ஊர் வேலைக்கெல்லாம் அது தாங்காதுடி."

"உங்க வீட்டச் சுத்தி இருக்கறது கோதுமை வயலாம்மா?"

என் மகள் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதனால்தான் அவளோடு பேசி முடித்ததும் களைத்துப்போகிறேன்.

மே 3, வெள்ளி

ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ட்ரேசிதான் நின்றாள்; மூன்றாம் வகுப்பிலிருந்து என் பேருந்தில் வந்த பெண், இப்போது அவளுக்கே நரை. இரண்டையும் என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். பெட்ரோல் மெஷினுக்கு வலு அதிகம், சாலையோரப் பள்ளத்துத் தடித்த களையைக்கூடச் சாய்த்துவிடும், பெட்ரோல் இருக்கும்வரை ஓடும். ஆனால் கனம், புகை, ஆயில் கலக்கும் வேலை, குளிர்காலத்தில் டாங்கைக் காலி செய்யும் வேலை. பேட்டரி மெஷினில் இதெல்லாம் கிடையாது. பூனையைத் தூக்குவதுபோல் ஒரு கையால் தூக்கினேன். பட்டனை அழுத்தினால் மின்விசிறிச் சத்தம், அவ்வளவுதான். அரை மணி நேரம் ஓடும், பிறகு முக்கால் மணி நேரம் சார்ஜ்.

"பெரிய தோட்டம்னா ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வாங்கிருங்க, மிஸஸ் டிவெட். ஒண்ணு தீந்தா ஒண்ணு மாட்டிக்கலாம், நிறுத்தவே வேணாம்."

எதிலும் குறை சொல்ல முடியவில்லை. நைலான் நரம்பு ஒரு சுருள் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஏன் என்று எழுதிவிடுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்? அந்த மெஷினை வாங்கினால் சனிக்கிழமை எல்டன் வரமாட்டார். இந்த வீட்டுப் படியேறி ஒரு மனிதர் வருவது வாரத்தில் அந்த ஒரு நாள்தான்.

மே 11, சனி

பேட்டரி மெஷின் பற்றி மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். என்ன சொல்வார் என்று பார்க்கத்தான்.

"பேட்டரில ஓடறதுக்குப் பேரு பல் தேய்க்கிற பிரஷ்ஷு. மெஷின்னா புகை விடணும், கத்தணும், நம்மள ரெண்டு திட்டு திட்ட வைக்கணும்."

மனசுக்குள் ஒரு நிம்மதி. வெட்கமாகவும் இருந்தது.

"மத்தவங்க மெஷினுக்கு இவ்வளவு பேசறீங்க, உங்க வீட்டு ஓரத்தப் பாருங்க, மான் குட்டி போட்டா தெரியாது" என்றேன். சிரித்தார். ஆனால் வாளியிலிருந்து எழும்போது ஒரு கையை இடுப்பு வாரில் அழுத்திக்கொண்டார். என்ன என்று கேட்டேன். "வயசு" என்றார்.

மே 15, புதன்

இதை எழுதலாமா வேண்டாமா?

இடது கையால் இழுத்தால் என்ன என்று தோன்றியது. தரையில் கிடத்தி, கால் வைத்து மிதித்துக்கொண்டு, இடது கையால். மூன்றாவது இழுப்பில் எழுந்துவிட்டது! ஒரு நிமிடம் காதைப் பிளந்தது. சந்தோஷப்பட்டேனா? இல்லை. திருடும்போது பிடிபட்டவள்போல் சட்டென்று அணைத்துவிட்டு எல்டன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் பிக்கப் வண்டி வாசலில் இல்லை. நல்லவேளை, வெளியே போயிருக்கிறார்.

மே 18, சனி

வலது கையால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, தோளைத் தடவிக்கொண்டு நின்றேன். வந்தார்.

அறுபத்தெட்டு வயதில் நாடகம் போடுகிறேன்.

மே 25, சனி

வரும் திங்கட்கிழமை நினைவு நாள், இறந்தவர்களின் கல்லறைக்குப் பூ வைக்கும் நாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான். எல்டனின் பிக்கப்பில் போனோம். பின்னால் ட்ரிம்மர், கைக்கத்தரி, காபி டப்பாக்களில் பியோனிப் பூக்கள். எல்டன் இழுத்து எழுப்பிக் கொடுத்தார், டுவேனையும் ஆர்டிஸையும் சுற்றி நான் வெட்டினேன். கல்லுக்கு ஒரு சாண் முன்னால் மெஷினை நிறுத்திவிட வேண்டும். நைலான் நரம்பு பட்டால் கல்லில் வெள்ளைக் கீறல் விழும். மீதியை மண்டியிட்டுக் கத்தரியால்தான் வெட்ட வேண்டும். டுவேன் தன் அப்பா அம்மா கல்லுக்கு அப்படித்தான் செய்வான். இப்போது அவன் கல்லுக்கு நான்.

எல்டன் மண்டியிடவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆர்டிஸுக்கும் நீயே வெட்டிரேன்" என்றார். வெட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 1, சனி

மழை. மழையில் யாரும் புல் வெட்டுவதில்லை. ருபார்ப் தண்டு போட்ட கேக் செய்திருந்தேன். தனியாகத் தின்றேன், மூன்று துண்டு.

ஜூன் 8, சனி

நாலு முறை இழுத்தார், எழவில்லை. ஐந்தாவது இழுப்பில் "ஹா" என்று ஒரு சத்தம், மெஷினிலிருந்து இல்லை, அவரிடமிருந்து. வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். முகம் மாவுபோல் வெளுத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். "பத்து நிமிசம் விடு" என்றார். காபி குடிக்காமல் வீட்டுக்குப் போனார், ஒவ்வொரு அடியாக.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் அவர் வாசலில் ஆம்புலன்ஸ். நான் வீட்டு அங்கியோடு ஓடிப்போய் நிற்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஜூன் 10, திங்கள்

அவர் மகன் க்ரெக் ஓமாஹாவிலிருந்து வந்து, வீட்டைப் பூட்டிவிட்டு என் கதவைத் தட்டினான்.

"பிப்ரவரில ஹெர்னியா ஆபரேசன் பண்ணினாங்க. இலையுதிர் காலம் வரைக்கும் எதையும் இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அவரோட சொந்த ட்ரிம்மரயே அப்பாகிட்ட இருந்து வாங்கிட்டுப் போயிட்டேன் நானு. இப்ப தையல் விட்டுப்போச்சு, மறுபடி ஆபரேசன். உங்க மெஷின இழுத்தாராம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"முப்பது வருசமா பக்கத்து வீடு" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

பிப்ரவரியில் அவர் வண்டி ஒரு வாரம் நகரவில்லை. பார்த்தேன். நானே அப்போது திரைச்சீலையை மூடிக்கொண்டு கிடந்தேன். ஒரு கிண்ணம் சூப் கொண்டுபோய்க் கொடுக்கத் தோணல. முழங்கால் உயரப் புல்லப் பாத்து கேலி பண்ணத் தெரிஞ்சுது. இடுப்பப் புடிச்சாரு, குனிய மாட்டேன்னாரு, எல்லாம் கண்ணு முன்னாடிதான நடந்துச்சு? எனக்கு ஸ்டார்ட் பண்ணத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அந்த மனுசன இழுக்க வச்சேன். எதுக்கு? ஒரு கோப்பை காபிக்கு. நாற்காலியில யாராச்சும் உக்காரணும்னு. சீ.

ஜூன் 13, வியாழன்

என் புல்லை வெட்டினேன். எல்லையைத் தாண்டி அவர் பக்கம் இரண்டு வரிசை வெட்டினேன். அங்கே நிறுத்த முடியவில்லை. முழுவதையும் வெட்டிவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

ட்ரிம்மரை இடது கையால் எழுப்பி, அவர் வீட்டுப் படியோரம் முழுக்கச் சுத்தம் செய்தேன். இப்போது இரண்டு தோளும் போயிற்று. இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஜூன் 20, வியாழன்

எல்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்து எடுத்துப் போனேன். க்ரெக் அப்பாவை ஓமாஹாவுக்கே கூட்டிப்போகப் பார்க்கிறான்; மேசைமேல் ஏதோ முதியோர் குடியிருப்பின் வண்ணப் படங்கள் கிடந்தன.

க்ரெக் வெளியே போன நேரம் பார்த்து எல்டன் குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழமை வந்து இழுத்துத் தர்றேன். அவன்கிட்ட சொல்லாத."

அந்த இடத்தில்தான் பொய் சொன்னேன். யோசிக்கவேயில்லை.

"வர வேணாம். மெஷின் செத்துப்போச்சு. தப்பான கேன எடுத்து வெறும் பெட்ரோல ஊத்திட்டேன். ஓடிக்கிட்டே இருந்துச்சு, கீச்சுன்னு ஒரு சத்தம், நின்னுபோச்சு."

என்னையே பார்த்தார். "டுவேன் அந்தக் கேன்ல சாண் உயரத்துக்கு எழுதி வச்சிருக்கானே."

"கண்ணாடி போடல."

ஜூன் 22, சனி

கைத்தடியோடு வந்தார், பிணத்தைப் பார்க்க. என்னால் தடுக்க முடியவில்லை. டாங்க் மூடியைத் திறந்தார். முகர்ந்தார். விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஆமா" என்றார். "செத்துத்தான் போச்சு. நல்ல மெஷினு."

மூடியைத் திருகி வைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். காபி வைத்திருந்தேன். கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 24, திங்கள்

பேட்டரி ட்ரிம்மர் வாங்கினேன். ட்ரேசிக்கு மகிழ்ச்சி. டுவேனுடையதைக் கராஜ் சுவரில் மாட்டினேன், டாங்கைக் காலி செய்துவிட்டு.

ஜூன் 29, சனி

பட்டனை அழுத்தினேன். ஓடியது. தோள் வலிக்கவில்லை. இருபது நிமிடத்தில் என் ஓரமெல்லாம் முடிந்தது. வெட்டும்போதே ராபின் குருவி கத்துவது கேட்டது, அவ்வளவு அமைதி. பக்கத்து வீட்டுச் சமையலறை வரைக்கும் போகிற சத்தம் இல்லை இது.

யாரும் வரவில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜூலை 6, சனி

அதேபோல். ஜோலீனிடம் நல்ல மெஷின் என்று சொன்னேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றாள். சொன்னாள்தான். ரிசீவரை வைத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பிள்ளைகள் கூச்சல். வாயை மூடுங்கள் என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்!

ஜூலை 13, சனி

க்ரெக் போன வாரமே ஊருக்குப் போய்விட்டான் என்று தேவாலயத்தில் சொன்னார்கள். எல்டனின் படியோரம் மறுபடி வளர்ந்து நின்றது. என் பக்கத்தை முடித்துக்கொண்டு, கேட்காமலேயே அங்கே போனேன். தண்ணீர்க் குழாயைச் சுற்றி வெட்டி, பின்வாசல் படிக்கு வந்தபோது மெஷின் முனகி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

வலைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "என்ன, பல் தேய்க்கிற பிரஷ் தூங்கிருச்சா?"

"முக்கால் மணி நேரம் சார்ஜ் போடணும். வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

"எதுக்கு? எங்க வீட்டுச் சுவத்துலயும் கரண்ட் வருது."

சார்ஜரை எடுத்து வந்தேன். அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். அவர் போடும் காபி, கடவுளே, பேருந்துக்கு ஊற்றலாம். பாதிக் கோப்பையைக் குடித்துவிட்டேன். சார்ஜரின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு டாங்க்ல ஆயில் இருந்துச்சு, மார்லிஸ்."

"தெரியும்."

"நாப்பது வருசம் மெக்கானிக்கு. மோந்து பாத்தா தெரியாதா எனக்கு?"

"நீங்க இழுக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நானும் இன்னொண்ணு சொல்லணும். மே மாசமே எனக்கு அதை ஸ்டார்ட் பண்ண வந்துருச்சு. இடது கையால. தெரிஞ்சுக்கிட்டேதான் உங்கள..."

"புதன்கிழமை" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஒரு புதன்கிழமை. ஒரு நிமிசம் ஓடுச்சு, அப்புறம் அணைச்சுட்ட. டயர் மாத்த வண்டியக் குடுத்திருந்தேன். நான் இங்கதான், இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

"கேட்டுட்டுமா சனிக்கிழமை வந்தீங்க? அந்த உடம்ப வச்சுக்கிட்டு?"

கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "வாரத்துல மீதி ஆறு நாளும் இங்க யாரு வர்றா?"

அழுதேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் முடிக்கும்வரை. பிறகு விளக்கு நிலையாகப் பச்சையாயிற்று. போய்ப் படியோரத்தை முடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 20, சனி

என் பக்கம் முடித்து அவர் குழாயடி தாண்டினால், படியருகே பேட்டரி தீர்கிறது. சரியாக அதே இடம். இன்று காபி நான் கொண்டுபோனேன்.

ஆகஸ்ட் 3, சனி

முக்கால் மணி நேரத்துக்குச் சீட்டு விளையாட்டு ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். ஏமாற்றுகிறார். க்ரெக் மறுபடி ஓமாஹா என்கிறானாம். "புல்லு வளர்றது நிக்கட்டும், அப்புறம் பேசலாம்னுட்டேன்" என்றார். அக்டோபர் கடைசி வரை வளரும். அதற்கப்புறம்? கேட்கவில்லை. இன்று இரவு சூப் எடுத்துப்போகிறேன். புல்லுக்கும் சூப்புக்கும் சம்பந்தமில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

என் பிறந்தநாள். அறுபத்தொன்பது. டென்வரிலிருந்து கனமான பெட்டி வந்தது. பிரித்தால், இரண்டாவது பேட்டரி. ஜோலீன் சாயங்காலம் பேசினாள்.

"ட்ரேசிக்கு போன் பண்ணி எந்த மாடல்னு கேட்டு அனுப்பினேம்மா. இனிமே பாதியில நிக்க வேண்டாம். ஒண்ணு தீந்தா ஒண்ணு மாட்டிக்கோ."

நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். நல்ல பெண்.

பெட்டியை மூடி, ஒட்டுநாடா ஒட்டி, நிலவறைக்குக் கொண்டுபோய் மேல் தட்டில் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பின்னால் வைத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

வெயில். எல்டனின் படியருகே பேட்டரி தீர்ந்தது.